ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம்: மூட்டை தூக்கப் போகலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 46 வயது. கோயம்பேடு மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் லோடுமேன். வலது பக்கக் கவட்டையில் குடலிறக்கம் வந்து, அரசு மருத்துவமனையில் கீறி, வலை வைத்துத் தைத்தார்கள். மூன்று வாரம் ஆகிறது. தையல் பிரித்தாயிற்று, வலியும் இல்லை. "பெல்ட் போட்டுக்கிட்டு வாய்யா" என்று மேஸ்திரி தினமும் போன் செய்கிறார். அனுப்பலாமா? (வாசகி, நெற்குன்றம்)

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. இன்னும் மூன்று வாரத்துக்கு அப்பா மூட்டைப் பக்கமே போக வேண்டாம்.

வலி இல்லை என்பதுதான் இங்கே பெரிய ஏமாற்று. மேல்தோல் பத்து நாளில் ஒட்டிவிடும். ஆனால் பலம் வேண்டியது உள்ளே இருக்கும் சுவருக்கு. கொசுவலை மாதிரி ஒரு வலையை அங்கே விரித்துத் தைத்திருக்கிறார்கள். அதன் கண்களுக்குள் சதை புகுந்து வளர்ந்தால்தான் சுவரும் வலையும் ஒன்றாகும். மூன்று வாரத்தில் அந்த வேலை முழுதாக முடிந்திருக்காது. ஓரளவு நம்பும்படி ஆக ஆறு வாரம், நன்றாகக் கெட்டிப்பட மூன்று மாதம்.

"வலிதான் அளவுகோல், வலிக்காவிட்டால் எதையும் செய்யலாம்" என்று இப்போது டாக்டர்கள் சிலர் சொல்கிறார்கள். நடக்க, மாடி ஏற, பஸ்ஸில் போக அது சரி. அதையெல்லாம் அப்பா இப்போதே தாராளமாகச் செய்யட்டும், படுத்தே கிடக்க வேண்டியதில்லை. ஆனால் லாரியிலிருந்து 50 கிலோ வெங்காய மூட்டையை முதுகில் வாங்கி ஓடுகிறவருக்கும் அதே பேச்சைச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று. மூட்டை தூக்காமல் வீட்டில் இருப்பவர்கள் தண்ணீர் கேனில் மாட்டிக்கொள்கிறார்கள். இருபது லிட்டர் கேன் என்றால் இருபது கிலோ. அதைக் குனிந்து தூக்கி, மூச்சை அடக்கி, இரண்டாவது மாடிக்கு ஏற்றுகிறார்கள். கேட்டால், "வேலைக்கே போகலை சார்" என்பார்கள். ஆறு வாரம் முடியும்வரை கேனையோ கேஸ் சிலிண்டரையோ அப்பா தொடக்கூடாது. காய்கறிப் பை தூக்கலாம், அவ்வளவுதான்.

இனி அந்த பெல்ட். கவட்டையில் வலை வைத்துத் தைத்த பிறகு பெல்ட்டுக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. உள்ளே சதை வளர்வதை அது வேகப்படுத்தாது. தையல் போட்ட இடத்தை உரசிப் புண்ணாக்கும். அதைவிட மோசம், அது தரும் பொய்த் தைரியம்: கட்டிக்கொண்டவுடன் மனுஷன் முழு மூட்டைக்குக் கை நீட்டிவிடுவார். ஆஸ்பத்திரி வாசலில் "டாக்டர் எழுதினதுதான்" என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு பெல்ட்டைத் தலையில் கட்டுகிறவர்களை எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன். எழுதின டாக்டர் யார் என்று கேட்டால் ஆள் நகர்ந்துவிடுவான். "ஊசி போட்டே கரைச்சுடலாம்" என்று கூட்டிப் போகிற ஆட்களும் அப்படித்தான். குடல் இறங்கும் ஓட்டையை எந்த ஊசியும் எந்த லேகியமும் மூடாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்கும் புரோக்கருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் ஆதாரும் இருந்தால் கலெக்டர் அலுவலகத்திலேயே பதியலாம்.

ஆறு வாரக் கணக்கு ஒருவருக்கு மட்டும் செல்லாது: இருமுகிறவருக்கு. அப்பா பீடி பிடிப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் சொல்கிறேன். ஒரு முறை பலமாக இருமினாலே வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறி, தைத்த இடத்தில் போய் இடிக்கிறது. ராத்திரி முழுக்க இருமுகிறவர் மூட்டையே தூக்காவிட்டாலும் சுமை தூக்குகிறவர்தான். என்னிடம் வந்த ஒருவர் இரண்டு மாதம் பத்திரமாக இருந்தும் வீக்கம் திரும்ப வந்தது. விசாரித்தால், ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி, விடியற்காலை இருமல். ஆகவே இருமல் அடங்கிய நாளிலிருந்துதான் ஆறு வாரத்தை எண்ண வேண்டும். இருமல் வரும்போது உள்ளங்கையால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம், காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மலச்சிக்கலும் இதே கெடுதலைச் செய்யும். முக்கக்கூடாது, தண்ணீரும் கீரையும் வாழைப்பழமும் தாராளமாகச் சாப்பிடட்டும்.

ஆறு வாரம் கழித்தும் ஒரேயடியாக இறங்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் இருபது, இருபத்தைந்து கிலோ, அதுவும் இன்னொருவர் ஏற்றிவிட. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மூன்றாம் மாத முடிவில் முழு மூட்டை. இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழ வேண்டும். எழும்போது மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும்.

அதுவரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று கேட்பீர்கள். எனக்கு ஆற்றாமையே இங்குதான். ஈஎஸ்ஐயில் இருக்கும் கம்பெனித் தொழிலாளிக்கு, சந்தா நாட்கள் சரியாக இருந்தால், நோய் விடுப்பில் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கிறது. அவரைவிடப் பளு தூக்கும் மார்க்கெட் லோடுமேனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. முதலமைச்சர் காப்பீடு ஆபரேஷன் செலவைப் பார்த்துக்கொள்ளும், போன கூலியைத் தராது. டிஸ்சார்ஜ் சீட்டிலோ ஆங்கிலத்தில் ஒரே வரி, கடின வேலை தவிர்க்கவும் என்று. எத்தனை நாள், எத்தனை கிலோ? எழுத அரை நிமிடம் ஆகாது, எழுதுவதில்லை.

அதனால் அடுத்த முறை காட்டப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். "இந்தத் தேதி வரை மூட்டை தூக்கக்கூடாது" என்று தேதி போட்டு, தமிழில், கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். அதை மேஸ்திரியிடம் காட்டி, தராசு பார்க்கிற வேலையோ சீட்டு எழுதுகிற வேலையோ கேட்கட்டும். உட்கார்ந்து செய்வதை இப்போதே செய்யலாம்.

தைத்த இடத்தைச் சுற்றி மரத்துப்போனது போலிருந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் சீழ், காய்ச்சல் என்றால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். கவட்டையில் கட்டி மாதிரி வீங்கி, கல்போல் இறுகி, படுத்தாலும் உள்ளே போகாமல் வாந்தியும் வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.