ஸ்டீராய்டும் எலும்பு மெலிவும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு வயது 54. முடக்குவாதத்துக்காக நான்கு வருடமாக பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 7.5 மி.கி. சாப்பிடுகிறேன். முதுகெலும்பு ஒன்று நசுங்கியிருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிந்ததால், எலும்பு கரைவதைத் தடுக்கும் அலென்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரை, வாரம் ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். காலைக் காபியோடு போடுகிறேன், நெஞ்சு எரிகிறது. கால்சியம் மட்டும் போதாதா? ஸ்டீராய்டையே நிறுத்திவிடலாமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: போதாது. ஸ்டீராய்டு எலும்பைக் கட்டும் செல்களையே முடக்கிவிடுகிறது. கால்சியம் செங்கல் மாதிரி. கொத்தனார் இல்லாமல் செங்கல் மட்டும் என்ன செய்யும்? ஏற்கெனவே ஓர் எலும்பு நசுங்கிய உங்களுக்கு மருந்து கட்டாயம் தேவை.

கோளாறு காபியில் இருக்கிறது. வெறும் வயிற்றில் போட்டாலே இந்த மாத்திரையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் உடலில் சேரும். காபி அதிலும் சுமார் 60 சதவீதத்தைக் குறைத்துவிடும். ஆக, இத்தனை நாள் போட்டதில் பெரும்பகுதி வீண்.

இனி வாரத்தில் ஒரு கிழமையை முடிவு செய்துகொள்ளுங்கள். எழுந்ததும் ஒரு பெரிய டம்ளர், அதாவது 200 மி.லி. சாதா குடிநீரில் மாத்திரையை முழுதாக விழுங்குங்கள். கடிக்கவோ சப்பவோ கூடாது. உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அரை மணி நேரம் படுக்காமல், குனியாமல் இருங்கள். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும். எரிச்சலுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். காபி, இட்லி எல்லாம் அதற்குப் பிறகு. கால்சியம் மாத்திரை மதியச் சாப்பாட்டோடு.

இப்போதுள்ள எரிச்சலை மருத்துவரிடம் சொல்லிவிட்டு அடுத்த மாத்திரையைப் போடுங்கள். விழுங்கும்போது வலித்தால் உடனே நிறுத்திவிட்டுப் போய்க் காட்டுங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் வருடம் ஒரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி. இருக்கிறது. அதற்கு முன் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), கால்சியம், வைட்டமின் டி பார்த்தாக வேண்டும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் முதலில் அதை முடியுங்கள். ஊசிக்குப் பின் இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பாராசிட்டமால் போதும்.

முறிவுகள் கூடினால் டெரிபாராடைடு. இது புது எலும்பைக் கட்டும் மருந்து. தினம் 20 மைக்ரோகிராம், தோலுக்கடியில், அதிகபட்சம் 24 மாதம். இது பேனா வடிவ ஊசியாக வரும். அந்தப் பேனாவை ஃபிரிட்ஜில் வைத்து, திறந்த 28 நாளில் மாற்ற வேண்டும். கடலூரில் புயல் மாதங்களில் கரண்ட் போனால் ஐஸ் நேராகப் படாமல் துணி சுற்றி வையுங்கள். உறைந்துபோன மருந்து உதவாது.

ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தவே கூடாது. உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி, மாத்திரையால் தூங்கிப்போயிருக்கும். மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு எலும்பு மெலிவுக்காக, எலும்பு கரைவதைத் தடுக்கும் டெனோசுமாப் ஊசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. இரண்டு வருடமாகிவிட்டது, செலவும் அதிகம். நிறுத்தலாமா?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: சும்மா நிறுத்தாதீர்கள். இதன் வேலை ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். பிறகு எலும்பு வேகமாகக் கரைந்து, ஒரே சமயத்தில் பல முதுகெலும்புகள் நசுங்கக்கூடும். நிறுத்துவதானால் அடுத்த ஊசி நாளிலேயே அலென்ட்ரோனேட்டுக்கோ சோலெட்ரோனிக் அமிலத்துக்கோ மாற்றும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை ஊசித் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள், காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.