கம்பம் திராட்சைத் தோட்டமும் ஏலமலையும்: கிராவல் சைக்கிள் கேள்வி பதில்

தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் குடியிருந்து, கீழே கம்பம் பள்ளத்தாக்கிலும் மேலே ஏலக்காய் விளையும் ஏலமலையிலும் கிராவல் சைக்கிள் (மண், ஜல்லிப் பாதைக்கான அகல டயர் சைக்கிள்) ஓட்டுகிறவன் என்பதால், தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் வழி கேட்டபடி இருக்கிறார்கள். கேட்டவற்றில் சிலவும் என் பதில்களும், வந்த வரிசையில்.

மதுரையிலிருந்து: அண்ணே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் தார் ரோடு அதிகம் படாமல் ஓட்ட ஒரு வழி சொல்லுங்க.

கம்பம் பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரம்தான் தம்பி. கூடலூரில் தொடங்கி சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று மேகமலை அடிவாரத்தை ஒட்டியே போங்கள். ஊருக்கு ஊர் தார் ரோடு உண்டு. அதை விட்டு இறங்கினால் தோட்டத்துக்கு டிராக்டர் போகிற செம்மண் வண்டிப்பாதைகள் பின்னிக் கிடக்கும். ராயப்பன்பட்டிக்கு மேலே சண்முகா நதி அணை வரை போய்த் திரும்பினால் ஒரு காலைப் பொழுதுக்குச் சரியாக இருக்கும். மேற்கு ஓரத்தில் ஓட்ட வேண்டுமென்றால் 18ஆம் கால்வாய்க் கரை இருக்கிறது. லோயர் கேம்ப் பக்கம் தொடங்கி கோம்பை, தேவாரம் தாண்டிப் போடி பக்கம் போகிற கால்வாய். மலையை இடது கையில் வைத்துக்கொண்டு சமதளமாக ஓட்டலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இங்கே எந்த மண் பாதையும் சும்மா கிடக்கிற பாதை இல்லை. ஒன்று விவசாயியுடையது, இல்லையென்றால் நீர்வளத் துறையுடையது, வனத்துறையுடையது, எஸ்டேட்காரருடையது. வரைபடச் செயலி எல்லாவற்றையும் ஒரே கோடாகத்தான் காட்டும். அந்தக் கோடு யாருடைய நிலத்தில் போகிறது என்று பார்ப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. தோட்டத்தில் ஆள் இருந்தால் இறங்கி, “அண்ணே, இப்படிப் போனா அந்தப் பக்கம் ஏறலாமா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் வழியும் கிடைக்கும், திராட்சையும் கிடைக்கும்.

இன்னொன்று, உயிர் விஷயம். திராட்சைப் பந்தலின் பாரம் முழுவதும் ஓரத்துக் கல்தூண்களில்தான் நிற்கிறது. அந்தத் தூண்கள் உள்ளே சாயாமல் இருக்க, உச்சியிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிவாகக் கம்பி இழுத்துத் தரையில் கல் புதைத்துக் கட்டியிருப்பார்கள். கம்பி துருப்பிடித்து மண் நிறத்திலேயே இருக்கும். விடியற்காலை வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. மார்பு உயரத்தில் வந்து நிற்கும். பந்தல் ஓரமாக வேகம் காட்டாதீர்கள். தூணுக்கும் உங்களுக்கும் ஓர் ஆள் நீள இடைவெளி விட்டு, பாதையின் நடுவிலேயே ஓட்டுங்கள்.

பெங்களூரிலிருந்து: இத்தாலியில் டஸ்கனி வைன் பகுதியில் ஓட்டியிருக்கிறேன் சார். அந்த மாதிரி அனுபவம் இங்கே கிடைக்குமா?

மேடு பள்ளமும் கொடிகளும் கிடைக்கும் சார். வைன் ருசி பார்க்கும் கூடம் வழிநெடுக இருக்கும் என்று வந்தால் ஏமாந்துபோவீர்கள். இங்கே விளைவது முக்கியமாகப் பன்னீர் திராட்சை, அதாவது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். வைனுக்கும் ஜூஸுக்கும் உலர்திராட்சைக்கும் ஆகிற பழம்தான், ஆனால் பெரும்பகுதி பெட்டியில் ஏறிச் சந்தைக்குத்தான் போகிறது. 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்பார்கள். 2023ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

நீங்கள் ஓட்டிய அந்த வெள்ளைச் சுண்ணக்கல் பாதைகளுக்கே ஒரு காலத்தில் தார் போடப் பார்த்தார்கள். 1997ல் டஸ்கனியின் கியாந்தி பகுதியில் உள்ள கயோலே ஊரில் ‘லெரோய்க்கா’ என்ற பழைய சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கியதே அவற்றைக் காப்பாற்றத்தான். 2007ல் அதே பாதைகளில் தொழில்முறை சைக்கிள் பந்தயமும் வந்தது. நம்மூர் வண்டிப்பாதைக்கு அப்படிப் பரிந்து பேச யாரும் இல்லை. போன வருடம் செம்மண்ணாக இருந்தது இந்த வருடம் சிமென்ட் ரோடாக இருக்கும். விவசாயிக்கு அது நல்லதுதான், குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

தேனியிலிருந்து: கேரளா பக்கம் ஏற குமுளி ரோடா, கம்பம்மெட்டா, போடிமெட்டா?

கம்பம்மெட்டு. 18 கொண்டை ஊசி வளைவு, ஐநூறு மீட்டருக்கு மேல் ஏற்றம், சுமார் 13 கிலோமீட்டர். குமுளி ரோட்டில் பஸ்ஸும் லாரியும் விடாது. போடிமெட்டு தேசிய நெடுஞ்சாலை. ஏற்றம் அருமை, ஆனால் மேலே போனதும் மூணாறு போகிற கார் கூட்டம்.

கம்பம்மெட்டிலும் காலை நேரத்தில் ஒரு தொல்லை உண்டு. ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள். வேலைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், பின்னால் தொங்கும் ஆட்களோடு வளைவில் உள்பக்கம் வெட்டி ஏறுவார்கள். அவர்கள் போன பிறகு, எட்டு மணிக்கு மேல் ஏறுங்கள். சபரிமலை சீசனில் இந்த ரோட்டை மேலே போகிற வண்டிகளுக்கான ஒருவழிப் பாதையாக்கி, குமுளி வழியாகத் திருப்பி அனுப்புவார்கள். அப்போது இரண்டுமே சைக்கிளுக்கு ஆகாது.

மேலே போனதும் கூட்டார், தூக்குப்பாலம், ராமக்கல்மேடு என்று ஊர்கள் வரும். ராமக்கல்மேட்டில் நின்று பார்த்தால் காலையில் ஓட்டிய பள்ளத்தாக்கு முழுவதும் கீழே தெரியும். காற்று சைக்கிளோடு தள்ளும். ஆமப்பாறைக்கு ஜீப் போகிற கல் பாதை உண்டு. சனி ஞாயிறில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கோவையிலிருந்து: டயர் என்ன அளவு? டியூப் போதுமா?

போதாது. கீழே சீமைக்கருவேல முள், மேலே உடைசல் ஜல்லி. 40 முதல் 45 மில்லிமீட்டர் அகல டியூப்லெஸ் டயர், உள்ளே புது சீலண்ட் (முள் குத்திய ஓட்டையை அடைக்கும் திரவம்). எழுபது கிலோ ஆளுக்கு 30–35 பிஎஸ்ஐ காற்று. கியரில் முன் சக்கரப்பல் 40 என்றால் பின்னால் பெரிய பல்சக்கரம் 42 பல்லுக்குக் குறையாமல் இருக்கட்டும். ஏலமலைப் பஞ்சாயத்து ரோடுகள் வளைந்து ஏறாது, நெட்டுக்குத்தாக ஏறும். பிரேக் பேட் ஒரு ஜோடி கூடுதலாக.

திண்டுக்கல்லிலிருந்து: குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறலாமா? பழைய ரோப்வே வழி என்கிறார்களே.

ரோப்வே இருந்தது உண்மை. மூணாறு தேயிலை, மலை மேலே இருக்கும் டாப் ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக் கொட்டகுடிக்கு அதில்தான் இறங்கியது. ஆனால் அது வனத்துறை நிலம். 2018 மார்ச்சில் அங்கே காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம். போடியிலிருந்து குரங்கணி வரை ரோடு அழகு, அதோடு திரும்புங்கள்.

சின்னமனூரிலிருந்து: மேகமலை?

தார் ரோட்டில் மட்டும், தென்பழனி சோதனைச் சாவடியில் கேட்டுவிட்டு, பகலில் மட்டும். புலிகள் காப்பகம் அது. கிளைப் பாதை எதிலும் இறங்காதீர்கள்.

சென்னையிலிருந்து ஒரு அக்கா: வழியில் திராட்சை பறித்துச் சாப்பிடலாமா? ஓடைத் தண்ணீர் குடிக்கலாமா?

இரண்டும் வேண்டாம் அக்கா. திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய் வராமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பார்கள். இலையில் நீலம் பூத்திருந்தால் அதுதான். மற்ற மருந்துகளும் உண்டு. ரோட்டோரம் விற்பதை வாங்கிக் கழுவிச் சாப்பிடுங்கள். மேலே ஏலக்காய்க்கும் மருந்தடிப்பு அதிகம், தோட்டத்துக்குக் கீழே ஓடுகிற தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பாட்டிலில் பிடிக்காதீர்கள். டீக்கடையில் வெந்நீர் கேட்டால் தருவார்கள்.

திருச்சியிலிருந்து: எந்த மாதம் வரலாம்? மலையாளம் தெரியாது, சமாளிக்கலாமா?

ஜனவரி பாதிக்கு மேல் மார்ச் வரை. சபரிமலை கூட்டம் முடிந்திருக்கும், மண்ணும் இறுகியிருக்கும். ஜூனிலிருந்து மேலே அட்டையும் மழையும், கீழே எதிர்காற்று. பழம் வருடத்தில் ஒரு முறைக்கு மேல் அறுப்பதால் எப்போது வந்தாலும் ஏதோ ஒரு பந்தலில் குலை தொங்கும். மொழி பிரச்சினையே இல்லை, தோட்டத்தில் பாதிப் பேர் நம்ம ஊர்க்காரர்கள்தான். எஸ்டேட் கேட் சாத்தியிருந்தால் வாட்ச்மேனிடம் தமிழிலேயே கேளுங்கள். முடியாது என்றால் திரும்பிவிடுங்கள், சங்கிலிக்கு அடியில் சைக்கிளைச் சரித்து நுழைகிறவர்களால்தான் அடுத்து வருகிறவனுக்கும் கேட் திறப்பதில்லை.

மறுபடி மதுரையிலிருந்து: திரும்பி வர பஸ்ஸில் சைக்கிள் ஏற்றுவார்களா அண்ணே?

கண்டக்டர் மனசு தம்பி. முன் சக்கரத்தைக் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டு, கூட்டமில்லாத மதிய வண்டியாகப் பார்த்து, லக்கேஜ் டிக்கெட் எடுத்துக்கொள்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.