வாசகர் கேள்வி பதில்: கட்டடம் எந்தப் பக்கம் இளைத்திருக்கிறது?

கேள்வி: கீழே முழுக்க பார்க்கிங், மேலே நான்கு மாடி வீடுகள். தூண்களெல்லாம் பருமனாகத்தான் இருக்கின்றன. அப்படியிருந்தும் நிலநடுக்கத்தில் இந்த அமைப்பு ஆபத்து என்கிறார்களே?

பதில்: தூண் பருமனாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, மேலே உள்ள தளங்களோடு ஒப்பிட்டால் இந்தத் தளம் எவ்வளவு இளைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேலே அறைக்கு அறை செங்கல் சுவர் இருக்கிறது. அதை வெறும் தடுப்பு என்று நினைத்து டிசைன் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவது வழக்கம். ஆனால் நிலம் ஆடும்போது அந்தச் சுவர்கள் தூண்களுக்கு நடுவே முட்டுக்கொடுத்து, மேல் தளங்கள் நான்கையும் ஒரே பெட்டி மாதிரி இறுக்கிவிடும். கீழே அந்த முட்டு இல்லை. கட்டடத்தின் உச்சி 10 சென்டிமீட்டர் நகர வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். ஐந்து தளங்களும் பங்கு போட்டுக்கொண்டால் தளத்துக்கு 2 சென்டிமீட்டர், தாங்கிவிடலாம். மேலே நான்கும் பெட்டியாக நின்றுவிட்டால் கிட்டத்தட்ட அந்தப் பத்தும் தரைத்தளத் தூண்களின் தலையில்தான் விடியும்.

1971 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில் ஆலிவ் வியூ மருத்துவமனைக்கு நடந்தது இதுதான். அப்போதுதான் கட்டி முடித்த கட்டடம் அது. மேல் தளங்களில் இருந்த கான்கிரீட் சுவர்கள் அடித்தளம் வரை இறங்காமல் பாதியிலேயே நின்றுவிட்டன, கீழே வெறும் தூண்கள். ஆட்டம் நின்றபோது மேல்பகுதி ஏறக்குறைய இரண்டு அடி ஒரு பக்கமாக நகர்ந்து அப்படியே நின்றது, பிறகு அதை இடிக்க வேண்டியதாயிற்று. அதே கட்டடத்தில் இன்னொன்றையும் பார்க்கலாம். நெருக்கமான சுருள் கம்பி சுற்றியிருந்த தூண்களில் மேல்பூச்சு கான்கிரீட் உதிர்ந்துபோனாலும் உள்ளே இருந்த கரு சிதறாமல் பாரத்தைத் தாங்கி நின்றது. சாதாரண ரிங், அதாவது தூணின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் தனித்தனி வளையக் கம்பி, போட்ட மூலைத் தூண்கள் நொறுங்கிவிட்டன. ரிங் கம்பியின் முனையை 135 டிகிரிக்கு வளைத்துத் தூணின் உள்ளே செருக வேண்டும் என்று இன்ஜினீயர் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான், 90 டிகிரியோடு விட்டால் மேல்பூச்சு உதிர்ந்ததும் ரிங் வாய் திறந்துவிடும்.

2001 ஜனவரி 26 குஜராத்தின் புஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில்கூட பார்க்கிங் தளம் வைத்த அடுக்குமாடிகள் விழுந்தன. அதற்கு அடுத்த ஆண்டு வந்த, நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1893-இல், இப்படித் திறந்து கிடக்கும் தளத்தின் தூண்களையும் பீம்களையும் கணக்கில் வரும் விசையைப்போல் 2.5 மடங்குக்கு டிசைன் செய்ய வேண்டும் என்று சேர்த்தார்கள். என்னைக் கேட்டால், அதைவிட இரண்டு திசைகளிலும் ஷியர் வால் (பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்கும் கான்கிரீட் சுவர்) வைத்து அதை அஸ்திவாரம் வரை இறக்குவதே நல்லது.

கேள்வி: லிஃப்ட், மாடிப்படி இரண்டையும் ஒரே மூலையில் வைத்துவிட்டோம். சுற்றிலும் கான்கிரீட் சுவர், நல்ல வலு. இதில் என்ன தப்பு?

பதில்: கதவைத் தள்ளிப் பாருங்கள். கீல் பக்கம் அசையாது, கைப்பிடி பக்கம் அத்தனை தூரம் வரும். உங்கள் லிஃப்ட் சுவர்தான் கீல். கட்டடத்தின் எடை நடுவில் இருக்கிறது, எதிர்க்கும் வலு மூலையில் இருக்கிறது, அதனால் கட்டடம் நேராக ஆடாமல் முறுக்கிக்கொள்ளும், எதிர்மூலைத் தூண்தான் அதிகம் அடிபடும். 1972 டிசம்பரில் நிகரகுவாவின் மனாகுவா நகரத்தை நிலநடுக்கம் தாக்கியபோது அங்கே இரண்டு வங்கிக் கட்டடங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பாங்கோ டி அமெரிக்கா 18 மாடி, நான்கு சுவர்க்கூடுகளும் நடுவில் சமச்சீராக இருந்தன, பழுது குறைவு. பாங்கோ சென்ட்ரல் 15 மாடிதான், சுவர்களெல்லாம் ஒரு கோடியில் இருந்தன, முறுக்கி உருக்குலைந்துபோனது. அதே நிலம், அதே ஆட்டம். வரைபடம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது என்றால், எதிர்ப்பக்கத்திலும் ஒரு ஷியர் வால் கேளுங்கள்.

கேள்வி: ஒரு பக்கம் மட்டும் நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளங்கள். தூண்களும் கம்பியும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. அப்படியானால் சமம்தானே?

பதில்: இல்லை, இது பலரும் கவனிக்காமல் விடும் இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீட்டிக்கொண்டிருக்கும் எடை கட்டடத்தை எப்போதும் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. தூணும் பீமும் சேர்ந்த சட்டகத்துக்கு இரு பக்கமும் 100 பங்கு வலு, அந்த இழுப்பே 20 பங்கு என்று வைத்துக்கொள்வோம். நீட்டிய பக்கம் சாய்வதைத் தடுக்க மிச்சம் 80, எதிர்ப்பக்கம் 120. ஒவ்வொரு ஆட்டத்திலும் இளைத்த பக்கம் கம்பி கொஞ்சம் இளகிக்கொடுக்கும், திரும்பி வரும்போது வலுத்த பக்கம் அந்த அளவு கொடுக்காது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிற கதைதான், ஆட்டம் நீள நீளச் சாய்வு கூடிக்கொண்டே போகும். சாய்ந்த கட்டடத்தின் சொந்த எடையும் அப்புறம் அதே பக்கம் சேர்ந்து இழுக்கும்.

எனவே கம்பியை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போடக்கூடாது, வேண்டுமென்றே ஏற்றத்தாழ்வாகப் போட வேண்டும். நீட்டிய பக்கம் சாய்வதைத் தடுக்க 120, எதிர்ப்பக்கம் 80. இழுப்பைக் கழித்தால் இரு பக்கமும் 100 நிற்கும். எஃகுச் சட்டங்களில் சாய்வாகப் போடும் பிரேஸும் இப்படித்தான். இழுத்தால் தாங்கும், அழுத்தினால் நெளிந்துவிடும், அதனால் எல்லாவற்றையும் ஒரே பக்கம் சாய்த்துப் போடாதீர்கள், எதிரும் புதிருமாக ஜோடி போட வேண்டும்.

கேள்வி: ஏற்கெனவே கட்டிய கட்டடத்தில் தரைத்தளத்தை மட்டும் பலப்படுத்தினால் போதுமா?

பதில்: பெரும்பாலும் தொடங்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் அதோடு நிறுத்தினால் பலவீனம் ஒரு மாடி மேலே ஏறிக்கொள்ளும். 1995 கோபே நிலநடுக்கத்தில் மாநகராட்சியின் எட்டு மாடிக் கட்டடத்தில் கீழ்த்தளங்கள் நின்றன, தூணின் அமைப்பு மாறுகிற இடத்தில் ஆறாவது மாடி நசுங்கியது. ஜன்னலுக்குக் கீழே தூணை ஒட்டி அரைச்சுவர் எழுப்பியிருந்தாலும் கவனியுங்கள். தூணின் மேல்பாதி மட்டும் ஆடி, குறுக்காக வெடிக்கும். சுவருக்கும் தூணுக்கும் நடுவே ஆட்டத்துக்குத் தேவையான அளவு இடைவெளி விட்டு, சுவர் வெளியே சாயாதபடி தனியாகப் பிடிமானம் கொடுக்கச் சொல்லுங்கள்.