ஸ்லீவ் ஆபரேஷன்: ரோபோவுக்குக் கூடுதல் பணம் தரலாமா?

கேள்வி: என் கணவருக்கு 42 வயது, உயரம் 165 செ.மீ., எடை 128 கிலோ. சர்க்கரையும் உண்டு. இரைப்பையைச் சுருக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். லேப்ராஸ்கோப்பியைவிட ரோபோவுக்கு லட்ச ரூபாய்க்கு மேல் கூடுகிறது. ரோபோதான் பாதுகாப்பு என்கிறார்களே, நிஜமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதல் தடவை செய்யும் ஸ்லீவுக்கு லேப்ராஸ்கோப்பியே போதும்.

ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. சற்றுத் தள்ளிக் கன்சோலில் உட்கார்ந்து சர்ஜன்தான் அதை இயக்குகிறார். வயிற்றுக்குள் நடப்பது இரண்டிலும் ஒன்றுதான்: கார்பன் டை ஆக்சைடு வாயுவால் வயிற்றை உப்பவைத்து, சிறு துளைகள் வழியே கருவிகளை நுழைப்பார்கள். வாய்வழியாக 12, 13 மி.மீ. தடிமனுள்ள குழாயை இறக்கி, அதையொட்டி ஸ்டேப்ளர் போட்டு இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுப்பார்கள்.

பயப்பட வேண்டியது கசிவுக்குத்தான், அதாவது ஸ்டேப்ளர் போட்ட கோடு பிரிந்து இரைப்பையில் உள்ளது வயிற்றுக்குள் ஒழுகுவதற்கு. பெரும்பாலும் ஸ்டேப்ளர் கோட்டின் மேல்முனையில், உணவுக்குழாய் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் வரும். அங்கே சுவர் மெல்லியது, இரத்த ஓட்டமும் குறைவு. இரைப்பையின் நடு வளைவு இறுகிவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி அந்த முனை பிரியும். உணவுக்குழாயை மிக நெருங்கி ஸ்டேப்ளர் போட்டாலும், திசுவின் தடிமனுக்கு ஒவ்வாத கார்ட்ரிட்ஜை (ஸ்டேப்ளர் பின்கள் அடங்கிய பெட்டி) போட்டாலும் ஆபத்துதான். இதெல்லாம் சர்ஜனின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது.

தொப்பைச் சுவர் மிகவும் தடித்திருந்தால் ரோபோ கை அந்தப் பளுவைத் தாங்கும். மடங்கித் திரும்பும் கருவிமுனை இருப்பதால் பைபாஸில் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் இன்னொரு ஆபரேஷன்) குடலைத் தைக்கவும், முன்பே ஆபரேஷனாகி உறுப்புகள் ஒட்டிக்கிடக்கும் வயிற்றைப் பிரிக்கவும் வசதி. ஆனால் ரோபோவைப் பொருத்தவே நேரம் பிடிக்கும், மயக்கமும் நீளும். பெரும்பாலான ரோபோக்களில் திசு எவ்வளவு இழுபடுகிறது என்பது கைக்குத் தெரியாது, கண்ணால்தான் கணிக்க வேண்டும்.

வருஷத்துக்கு எத்தனை ஸ்லீவ் செய்கிறீர்கள், அதில் ரோபோவில் எத்தனை, எத்தனை பேருக்குக் கசிந்தது என்று சர்ஜனிடம் நேராகவே கேளுங்கள். அவருக்கு ரோபோவில்தான் கை பழகியிருக்கிறது என்றால் பேச்சு வேறு. கணவருக்கு நெஞ்செரிச்சல் உண்டென்றால் ஸ்லீவா பைபாஸா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஸ்லீவில் எதுக்களிப்பு கூடலாம்.

கேள்வி: வீட்டுக்கு வந்தபின் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: வாயுவால் இரண்டொரு நாள் தோள் வலிக்கலாம், அது அடங்கிவிடும். சும்மா படுத்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் அது கசிவாக இருக்கலாம்; காய்ச்சல் இல்லாவிட்டாலும், வயிறு வலிக்காவிட்டாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போங்கள்.