டேங்குக்கு முன்னால் பம்ப் உறையும்

கேள்வி: ஜன்னல் கண்ணாடி, வெளிச்சுவர், நடைபாதை கழுவும் வேலை செய்கிறேன். வேனுக்குள் 400 லிட்டர் டேங்க், 12 வோல்ட் பம்ப், ஆர்.ஓ. ஃபில்டர், ஹோஸ் ரீல், பெட்ரோலில் ஓடும் பிரஷர் வாஷர் எல்லாம் பொருத்தியிருக்கிறேன். இரவில் வேன் திறந்தவெளியில்தான் நிற்கும், பக்கத்தில் கரண்ட் கிடையாது. போன வாரம் ஒரு ராத்திரி குளிர் மைனஸ் 4 டிகிரிக்கு இறங்கிவிட்டது. டேங்கைப் போர்வையால் சுற்றி வைத்திருந்தேன். காலையில் டேங்கில் தண்ணீர் உறையாமல்தான் இருந்தது. ஆனால் பம்பைப் போட்டால் உறுமியது, தண்ணீர் வரவில்லை. மதியத்துக்கு மேல் தானாகச் சரியாகிவிட்டது. இன்னும் கனமான போர்வை வாங்கட்டுமா, ஹீட்டர் வைக்கட்டுமா, கூலன்ட் ஊற்றட்டுமா?

பதில்: "தானாகச் சரியாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை அங்கேதான். உறைந்த தண்ணீர் உருகிவிட்டது, அவ்வளவுதான். உறைந்தபோது அது எதை உடைத்தது என்பது இனிமேல்தான் தெரியவரும். நானும் இப்படி ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். காலையில் அடைப்பு, பத்து மணிக்கெல்லாம் தண்ணீர் வந்துவிட்டது, நிம்மதியாக வேலையை ஆரம்பித்தேன். மதியம் வேன் கதவைத் திறந்தால் தரையெல்லாம் தண்ணீர். பம்பிலிருந்து ஃபில்டருக்குப் போகும் வழியில் ஒரு பித்தளை எல்போ. அதன் வளைவின் உள்பக்கத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை, நகத்தால் வருடியபோதுதான் தட்டுப்பட்டது. உள்ளே பனிக்கட்டி இருந்தவரை அந்த விரிசலை அதுவே அடைத்துக்கொண்டிருந்தது. உருகிய பிறகுதான் ஒழுகத் தொடங்கியது.

அதனால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். பம்பைக் குறைந்த அழுத்தத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூ தாளால் ஒற்றிப் பாருங்கள். ஃபில்டர் கிண்ணத்தின் மரைப் பகுதி, பம்பின் தலைப்பகுதி, வால்வுகளின் கழுத்து ஆகிய மூன்று இடங்களையும் இரண்டு தடவை பாருங்கள். தாள் நனைந்தால் அந்தப் பாகத்தை மாற்றிவிடுங்கள். பித்தளை விரிசலைப் பசை வைத்து ஒட்டுவது ஒரு வாரம்கூடத் தாங்காது.

சரி, டேங்க் தப்பித்து பம்ப் மட்டும் ஏன் மாட்டியது? தண்ணீர் 8 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்கு இறங்கவே கணிசமான வெப்பத்தை இழக்க வேண்டும். அதற்குப் பிறகு முழுவதும் கட்டியாக உறைய, அதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு வெப்பத்தை இழக்க வேண்டும். 400 லிட்டருக்கு இது பெரிய கணக்கு. ஒரே ராத்திரியில், அதுவும் மைனஸ் 4-ல், அது நடக்காது. பம்பின் தலைக்குள் இருப்பதோ சில கரண்டித் தண்ணீர். சுற்றிலும் உலோகம், குளிர் நேராக உள்ளே இறங்கும். ஒரு சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். டேங்கில் மேலே காலி இடம் இருப்பதால் விரிய வழி உண்டு. பம்ப், வால்வு, ஃபில்டர் கிண்ணம் எல்லாம் முழுக்க நிரம்பி, மூடிக் கிடப்பவை. விரிய இடம் இல்லாததால் சுவரைத்தான் பிளக்கும்.

போர்வைக்கும் இதே கணக்குதான். போர்வை வெப்பத்தை உண்டாக்காது, இருக்கிற வெப்பம் சீக்கிரம் போய்விடாமல் தடுக்கும். டேங்கில் வெப்பம் நிறைய இருப்பதால் அங்கே பலன் உண்டு. பம்பில் சேர்த்து வைக்க வெப்பமே இல்லை. எத்தனை கனமாகச் சுற்றினாலும் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகும், விடியும்வரை தாங்காது. அதனால் கனமான போர்வைக்குச் செலவு செய்ய வேண்டாம். பம்பிலும் குழாயிலும் தண்ணீரே நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் உங்களுக்கு ஏற்ற வழி.

இதற்குச் சின்ன மாற்றம் ஒன்று செய்யுங்கள். டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் குழாயில், டேங்கின் வாயிலேயே ஒரு வால்வு. அதையடுத்து T வடிவ இணைப்பு ஒன்று, அதிலிருந்து பிரியும் கிளையில் இன்னொரு சிறிய வால்வு. மாலையில் வேலை முடிந்ததும் டேங்க் வால்வை மூடி, கிளை வால்வைத் திறந்துவிட்டு, பம்பை ஓட விடுங்கள். பம்ப் கிளை வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டு, தனக்குள் இருக்கும் தண்ணீரை ஹோஸ் வழியாகத் துப்பிவிடும். இந்த வேலைக்கு வரும் டயாஃப்ரம் பம்ப் (உள்ளே ரப்பர் சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளும் வகை) சிறிது நேரம் தண்ணீர் இல்லாமல் ஓடினால் கெட்டுப்போகாது. சத்தம் மாறி, ஹோஸ் முனையில் தண்ணீரும் காற்றுமாகத் தெறிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். அப்புறம் ஆர்.ஓ.வுக்கு முன்னால் இருக்கும் முன்ஃபில்டர் கிண்ணங்களைக் கழற்றிக் கொட்டிவிட்டு, தளர்வாக மாட்டி வையுங்கள்.

பால் வால்வு விஷயத்தில் அனுபவப்பட்டவர்கள்கூட ஏமாறுவதுண்டு. அதன் உள்ளே துளை போட்ட ஓர் உருண்டை இருக்கும். மூடினால் துளைக்குள் கொஞ்சம் தண்ணீர் சிறைப்படும். முழுக்கத் திறந்தாலும் உருண்டையைச் சுற்றியுள்ள இடைவெளியில் தண்ணீர் தங்கும். குழாயைக் காலி செய்த பிறகு கைப்பிடியைப் பாதியில், 45 டிகிரி சாய்வில், நிறுத்தி வையுங்கள். இரண்டு இடத்துத் தண்ணீரும் வடிந்துவிடும். டேங்க் வாயில் இருக்கும் வால்வை மட்டும் இப்படிப் பாதியில் விட முடியாது. டேங்குக்குப் போடுகிற போர்வையை அந்த வால்வையும் சேர்த்து மூடும்படி இழுத்துவிடுங்கள். அந்த இடத்தில் போர்வைக்கு உண்மையாகவே வேலை உண்டு.

ரீலில் சுற்றியிருக்கும் ஹோஸ் தானாகக் காலியாகாது, ஒவ்வொரு சுற்றின் அடியிலும் தண்ணீர் தேங்கும். சிறிய கம்ப்ரஸர் இருந்தால் 2 பார் அழுத்தத்துக்கு மேல் போகாமல் ஊதித் தள்ளுங்கள். இல்லாவிட்டால் ஹோஸை முழுக்க நீட்டிப் போட்டு, ஒரு முனையிலிருந்து தோளில் ஏற்றி ஏற்றி மறுமுனைவரை நடந்து போங்கள். முன்னால் தண்ணீர் ஓடிக்கொண்டே போகும். ஹோஸ் ரப்பர் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும், உடைவது முனைகளில் உள்ள இணைப்புகள்தான். ஆனாலும் உள்ளே உறைந்த ஹோஸை மறுநாள் காலையில் அவசரமாக இழுத்து மடக்கினால் ஹோஸும் வெட்டுப்படும்.

ஆர்.ஓ. மெம்பரேனிலும் (உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வு) ரெசினிலும் (மிச்ச உப்பைப் பிடிக்கும் மணிகள்) துளிகூட அலட்சியம் வேண்டாம். மெம்பரேன் ஒருமுறை உறைந்துவிட்டால் அதன் மெல்லிய அடுக்குகள் கிழிந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போகும், கண்ணாடியில் புள்ளி விழும், ரெசின் சீக்கிரம் தீரும். ரெசின் மணிகளும் உறைந்தால் நொறுங்கும். இவற்றைக் காலி செய்து காயவிடவும் கூடாது, நனைந்த மெம்பரேன் காய்ந்தாலும் கெட்டுவிடும். ஆகவே ஃபில்டர் தொகுப்பை இரண்டு குவிக் கப்ளிங்கால் கழற்றும்படி அமைத்துக்கொண்டு, முனைகளை மூடி, ராத்திரியில் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். சுமக்கச் சிரமம்தான், ஆனால் மின்சாரம் இல்லாத இடத்தில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. டி.டி.எஸ். 0 காட்டும் சுத்த நீர் உறையாது என்று சிலர் நம்புகிறார்கள். அதை நம்பாதீர்கள், அதுவும் 0 டிகிரியில் உறையும் தண்ணீர்தான்.

பிரஷர் வாஷருக்கு மட்டும் முறை வேறு. அதன் பம்பைத் தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் சீல்கள் கருகிவிடும். ஓடவிடாமல் வடித்தாலும் உள் வால்வுகளில் தண்ணீர் தங்கிவிடும். இங்கேதான் நீங்கள் கேட்ட கூலன்டுக்கு இடம் உண்டு, ஆனால் எந்தக் கூலன்ட் என்பது முக்கியம். புரோப்பிலீன் கிளைக்கால் வாங்குங்கள். 30 சதவீதம் கலந்தால் ஏறத்தாழ மைனஸ் 13 டிகிரிவரை உறையாது. உள்வாயில் ஒரு குட்டை ஹோஸை மாட்டி, மறுமுனையைக் கலவைக்குள் வைத்து, எஞ்சினைச் சில விநாடி ஓடவிடுங்கள். கன் முனையில் கலவையின் நிறம் தெரிந்ததும் நிறுத்துங்கள். பிறகு ட்ரிக்கரை அழுத்தி, அடைபட்ட அழுத்தத்தை வெளியேற்றுங்கள். மறுநாள் முதலில் வரும் கலவையை ஒரு வாளியில் பிடித்துக்கொண்டால் வாடிக்கையாளர் செடிகொடிகளில் படாது.

எஞ்சினுக்கு ஊற்றும் சாதாரணக் கூலன்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால். அது விஷம், சுவையோ இனிப்பு. தரையில் கொஞ்சம் சிந்தினால் நாயும் பூனையும் நக்கிச் செத்துப்போகும். கழுவும் கருவிக்குள் அதை ஒருபோதும் விடாதீர்கள். உப்புக் கரைசலும் வேண்டாம், பித்தளையையும் இரும்பையும் அரித்துவிடும். கண்ணாடி கழுவும் சுத்த நீர் வழியில் எந்தக் கிளைக்காலும் வேண்டாம். எத்தனை அலசினாலும் கோடு விழும்.

ஹீட்டருக்கு வருவோம். பேட்டரியில் ஓட்டலாமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வெறும் 100 வாட் ஹீட்டரை 14 மணி நேரம் ஓட்டினால் 1,400 வாட்-மணி ஆகும். 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ 117 ஆம்பியர்-மணி. காலையில் பம்பை ஓட்டவே பேட்டரியில் ஒன்றும் மிஞ்சாது. டீசலில் ஓடும் பார்க்கிங் ஹீட்டர் நல்ல தீர்வுதான். ஆனால் புகைக்குழாய் வேனுக்கு வெளியே போகும்படி, தெரிந்தவர் கையால் பொருத்த வேண்டும். காஸ் அடுப்பு, மண்ணெண்ணெய் ஹீட்டர் போன்றவற்றை மூடிய வேனுக்குள் கொளுத்தி வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. காலையில் கதவைத் திறந்து உள்ளே ஏறுபவர் நீங்கள்தான். என்றைக்காவது கரண்ட் உள்ள இடம் கிடைத்தால், 5 டிகிரியில் தானே இயங்கும் தெர்மோஸ்டாட்டுடன் கூடிய குழாய் வடிவ ஹீட்டர் போதும். கேபிளை முழுக்க விரித்துப் போடுங்கள், சுருட்டிய கேபிள் சூடேறும். மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. பாதுகாப்பும் கட்டாயம் வேண்டும்.

வானிலை அறிவிப்பில் 0 என்று வரும்வரை காத்திருக்காதீர்கள். மேகம் இல்லாத இரவில் வேனின் கூரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். 2, 3 டிகிரி இருக்கும் இரவிலும் கூரையில் உறைபனி படிவது அதனால்தான். நான் 3 டிகிரி என்று பார்த்தாலே காலி செய்துவிடுவேன். பத்து நிமிட வேலை அது.

அப்படியும் ஒருநாள் உறைந்துபோனால் பம்ப் ஸ்விட்சைத் தொடாதீர்கள். பனிக்கட்டியை எதிர்த்து மோட்டார் திணறும், ஃபியூஸ் போகும், டயாஃப்ரம் கிழியும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைப் பம்பின் தலையில் போட்டு மாற்றிக்கொண்டே இருங்கள், மின் இணைப்புகளில் ஈரம் படாமல். கொதிநீரும் புளோ டார்ச்சும் வேண்டாம். உருகியதும் மறுபடி டிஷ்யூ தாள் சோதனை.

வேனில் மெழுகு, தரை பாலிஷ் மாதிரிப் பால் போன்ற திரவங்கள் இருந்தால் அவையும் ஃபில்டரோடு உள்ளே வரட்டும். உறைந்தால் திரிந்துவிடும், குலுக்கினாலும் ஒன்றாகாது. பேட்டரி லித்தியம் வகையாக இருந்தால் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றாதீர்கள், உள்ளே நிரந்தரமாகக் கெடும். ஈய-அமில பேட்டரியாக இருந்தால் காலியாக விடாதீர்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரி உறையும், நிறைந்த பேட்டரி அவ்வளவு எளிதில் உறையாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாலையில் காலி செய்யும் தண்ணீரை நடைபாதையிலோ வீட்டு வாசற்படியிலோ விடாதீர்கள், விடிவதற்குள் அது கண்ணாடிபோல் உறைந்திருக்கும். வடிகாலுக்கு நேரே ஹோஸ் முனையை வைத்து விடுங்கள். வடிகால் பக்கத்தில் இல்லையென்றால் இரண்டு வாளியில் பிடித்து, டேங்கிலேயே திரும்ப ஊற்றிவிடலாம்.