கெய்மன் பல்லிக்குப் ‘பேப்பர் இருக்கு’ என்றால் நம்பலாமா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் கெய்மன் பல்லிக் குட்டி கேட்டு அடம்பிடிக்கிறான். இன்ஸ்டாகிராமில் விற்பவர், “பேப்பர் பக்கா சார், வாங்கின பிறகு பரிவேஷ் தளத்தில் (மத்திய சுற்றுச்சூழல் அமைச்சக இணையதளம்) பதிஞ்சுக்கலாம்” என்கிறார். வாங்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: வேண்டாம். அவர் சொல்லும் வரிசையே தவறு: விலங்கு சட்டப்படி வந்ததா என்பதுதான் முதலில், பதிவு அதற்குப் பிறகுதான்.

கெய்மன் பல்லி, பெரு, பிரேசில், கயானா பக்கம் அமேசானில் வெள்ளம் தேங்கும் காடுகளில் வாழ்வது. நத்தையின் ஓட்டைக் கடித்து நொறுக்கித் துப்பிவிட்டுச் சதையைத் தின்னும். தோலுக்காக ஏராளமாக வேட்டையாடப்பட்ட விலங்கு. காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் 2ஆம் பட்டியலில் இருப்பதால், 2022 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் அட்டவணைக்குள்ளும் வந்துவிட்டது. வைத்திருந்தாலும், கைமாற்றினாலும், குட்டி பொரித்தாலும், இறந்தாலும் பதிய வேண்டும்.

பதிவு என்பது ‘என்னிடம் இருக்கிறது’ என்று தெரிவிப்பது, அவ்வளவுதான். திருட்டுத்தனமாக வந்த விலங்கை அது சுத்தமாக்கிவிடாது. பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் துணியில் சுருட்டி வைத்த பல்லிகளைச் சென்னை விமான நிலையத்தில் எத்தனை முறை பிடித்திருக்கிறார்கள்! தப்பி வெளியே வருபவைதான் இப்படி ‘பேப்பரோடு’ விற்பனைக்கு வருகின்றன.

அந்தப் பேப்பர் பெரும்பாலும் என்ன தெரியுமா? வெளிநாட்டு விலங்கு வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாகத் தெரிவித்தால் ஆவணம் கேட்க மாட்டோம் என்று 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சொன்னது. அந்தச் சலுகை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அப்படித் தெரிவித்தவருக்கு அன்று கிடைத்த ஒரு சீட்டை நகலெடுத்து எத்தனை குட்டிக்கு வேண்டுமானாலும் நீட்டுகிறார்கள். விளம்பரம் போடுகிறவனை யாரும் கேட்பதில்லை. பதியப் போகும் அப்பாவியைத்தான் அலுவலகம் அலுவலகமாக அலையவிடுகிறார்கள். எனக்கு இது ஆறவே ஆறாது.

ஒரு விலக்கு உண்டு: இந்தியாவிலேயே பொரித்த குட்டி. வியாபாரி அடுத்து இதைத்தான் சொல்வார், அதனால் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே பொரித்தது என்றால் தாய், தகப்பன் இரண்டுக்கும் பதிவு எண் இருக்க வேண்டும். குட்டியின் பிறப்பும் பதிந்திருக்க வேண்டும். அந்தத் தாய், தகப்பன் எந்த இறக்குமதி அனுமதியில், யார் பெயரில் வந்தன என்பதும் தெரிய வேண்டும். பிறகு உங்கள் பெயருக்கு மாற்றியதைப் பதிய வேண்டும். ‘அன்பளிப்பு’ என்று எழுதிக்கொடுத்தாலும் அது கைமாற்றம்தான். இந்தப் பதிவுச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மாட்டுவது நீங்கள்: மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

எல்லாம் சரியாகவே இருந்தாலும், இது நான்கடி வரை வளரும். நீந்தத் தொட்டி, தினம் நத்தை. பிளஸ் டூ முடித்துப் பையன் விடுதிக்குப் போனால் பார்த்துக்கொள்ளப் போவது நீங்கள்தான்.

முன்பணம் கொடுத்தீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால், பணம் போனாலும் போகட்டும், குட்டியை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.