கறி மட்டும் தின்னும் பூனைக்குட்டிக்கு எலும்பு ஏன் வலுவிழக்கிறது?

கேள்வி: எங்கள் பெண் பூனைக்குட்டிக்கு 4 மாதம். எலும்பில்லாத கோழிக்கறியும் ஈரலும்தான் வேகவைத்துப் போடுகிறோம். ஒரு வாரமாகச் சோபாவில் ஏறுவதில்லை, பின்னங்காலை இழுக்கிறது, தூக்கினால் கத்துகிறது. கால்சியம் சிரப் கொடுக்கலாமா?

பதில்: சிரப் இருக்கட்டும், முதலில் எக்ஸ்ரே எடுங்கள். கறியை மட்டுமே தின்று வளரும் குட்டிகளுக்கு வழக்கமாக வரும் எலும்புத் தேய்வாகவே இது தெரிகிறது.

100 கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 200 மி.கி. இருக்கும். கால்சியமோ 10 மி.கி. அளவில்தான். வளரும் குட்டிக்குக் கால்சியம்தான் சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும். ஈரலில் இந்த விகிதம் இன்னும் மோசம். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து அதை ஈடுகட்டுகிறது. அதனால் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருப்பதாகவே வரலாம்; அதை நம்பி விட்டுவிடாதீர்கள். எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரம் மெலிந்து, சதையோடு சதையாக மங்கித் தெரியும். சோபாவிலிருந்து குதித்தாலே முறியும் நிலை அது. வெயிலில் விட்டுப் பயனில்லை. பூனையின் தோல் போதிய வைட்டமின் டி தயாரிக்காது, உணவில்தான் வர வேண்டும்.

மருந்தே உணவு மாற்றம்தான். கடையில் வாங்கும் பூனை உணவின் உறையில் ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ (முழுமையான, சரிவிகித உணவு) என்றும், குட்டிகளுக்கானது என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். பிழிந்து கொடுக்கும் ட்ரீட் வகைகள் கணக்கில் சேராது. கறிக்குப் பழகிய குட்டி முரண்டு பிடிக்கும். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காத கோழி வேகவைத்த நீரை வெதுவெதுப்பாக ஊற்றிக் கலந்து வையுங்கள். பசித்தால் தானே தின்னும் என்று ஒரு நாள்கூடப் பட்டினி போடாதீர்கள்.

மருத்துவர் போதும் என்னும் வரை, பெரும்பாலும் 4 முதல் 8 வாரம், மேல்தட்டு இல்லாத கூண்டில் வையுங்கள். மணல் தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பின்புறத்துக்கு அடியில். வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

சரிவிகித உணவு தொடங்கியபின் சிரப்பும் சேர்ந்தால் கால்சியம் மிகையாகி, கணக்கு மறுபக்கம் சாயும். மனிதர்களுக்கான சிரப்பில் பெரும்பாலும் வைட்டமின் டி வேறு இருக்கும். உடல் வெட்டி இழுத்தாலோ வலிப்பு வந்தாலோ மட்டும் கதை வேறு. உடனே மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி வழியாகக் கால்சியம் ஏற்ற வேண்டியிருக்கும்.

உணவு மாற்றிய சில நாட்களிலேயே குட்டி தெளிந்துவிடும். எலும்பு தேற வாரக்கணக்காகும். அதற்குள் கூண்டைத் திறந்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. இடுப்பெலும்பு கோணலாகக் கூடிவிட்டால் வழி குறுகி, பிற்காலத்தில் மலம் சிக்கும். இரண்டு நாள் மலம் கழிக்காவிட்டால் காட்டுங்கள். உங்களுடையது பெண் குட்டி என்பதால், பிரசவத்தில் சிக்கிக்கொள்ளாதிருக்க, எலும்பு தேறியதும் கருத்தடை செய்துவிடுங்கள்.